ஒரே பெயரில் நான்கு பேர்

"நீங்க யாரப் பாக்கணும்? அண்ணாச்சி உள்ள இருக்காங்க. உக்காருங்க" என்று இன்னாசி நாற்காலியைக் காட்டினார்.

காலையிலிருந்து இது எட்டாவது தடவை. ஜெசிந்தா எட்டாவது தடவையும் உட்கார்ந்தாள். கட்டிய புருஷன் தன்னைப் பார்த்து, சரக்கு எடுக்க வந்த பார்ட்டியிடம் பேசுவது போல மரியாதையாகப் பேசினால் எந்தப் பெண்ணுக்குத்தான் வயிறு எரியாது? "நான் உங்க பொண்டாட்டிங்க" என்று முதல் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்று தடவையும் அவர் கூச்சத்தோடு சிரித்து, "தமாஷ் பண்ணாதீங்கம்மா" என்றார். பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

இன்னாசிமுத்து தூத்துக்குடி துறைமுகச் சாலையில் தர்மர் அண்ணாச்சியின் சரக்கு கிளியரிங் ஆபீசில் குமாஸ்தா. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் மேலே ஏறி சீல் பார்த்துக்கொண்டிருந்தவர் தலைகுப்புற விழுந்தார். உயிர் பிழைத்தது மாதாவின் கிருபை. ஆனால் விழுந்த நாள் வரைக்கும் உள்ள ஞாபகம்தான் அவருக்குச் சொந்தம். அதற்குப் பின்னால் எதுவும் மண்டையில் பத்து நிமிஷத்துக்கு மேல் தங்காது. ஜெசிந்தாவைக் கட்டியது ஒன்பது வருடத்துக்கு முன்னால். மகள் செலின் பிறந்தது ஆறு வருடத்துக்கு முன்னால். அப்படியானால் இந்த இரண்டு பேரும் அவரைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

இத்தனை நாள் அவர்களைப் பிறக்க வைத்தது காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒரு விரல் நீளப் பட்டை. கண்ணுக்குப் போடும் கண்ணாடி பார்ப்பதையும், வாய் முணுமுணுப்பதையும் அது வாங்கி ஆபீஸ் சர்வரில் போட்டு வைக்கும். வேண்டும்போது எடுத்து, அவருடைய ஞாபகம் போலவே மண்டைக்குள் தந்துவிடும். சரக்குச் சோதனைக்குப் போகிற எல்லாரும் கண்ணாடி போட வேண்டும் என்பது துறைமுக விதி. ஆகவே ஆபீசில் இருந்த நாலு பேரும் கண்ணாடிக்காரர்கள்தான். பட்டைக்காரர் மட்டும் இன்னாசி ஒருத்தர். மற்ற மூன்று பேரும் பழக்கத்தில் எங்கே போனாலும் கண்ணாடியோடுதான் போவார்கள்.

அந்தச் சர்வரைத்தான் இன்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே பட்டையைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

"முப்பிடாதி தம்பி, ஆச்சா?"

மேசைக்கு அடியில் இருந்த இன்ஜினியர் முப்பிடாதி தலையை நீட்டினார். வயது நாற்பதுக்கு மேல். சட்டையெல்லாம் தூசி. "ஆகல மதினி. மணி என்ன?"

"ஒண்ணே முக்கால்."

"நாலு மணிக்குள்ள முடிக்கணும்" என்று அவர் முகத்தைத் துடைத்தார். "நாலு மணிக்கு மேல இந்தப் பழைய பெட்டி சொல்றத அண்ணன் பட்டை நம்பாது. கம்பெனிக்காரன் நாடு முழுக்கப் பழசையெல்லாம் இன்னிக்கோட நிறுத்துதான். ரெண்டு வருஷமா லெட்டர் மேல லெட்டர் போட்டிருக்கான்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தர்மர் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். ஒவ்வொரு லெட்டர் வந்தபோதும் அவர் சொன்னது ஒன்றேதான்: "ஓடுற வரைக்கும் ஓடட்டும்டே." ஓடிற்று. கடைசி நாள் வரைக்கும் ஓடிற்று. நல்ல மனுஷர்தான், அதில் ஒன்றும் சந்தேகமில்லை. நல்ல மனுஷர்களின் சோம்பலுக்கு யார் யாரோ பலியாகிறார்கள்.

"பழசுல இருக்கிறத அப்படியே அள்ளிப் புதுசுல கொட்ட வேண்டியதுதானே தம்பி? இதுக்குப் போயி இவ்வளவு நேரமா?"

"அப்படிக் கொட்ட முடிஞ்சா பத்து மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பேன் மதினி. சர்வர்ல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கணக்கு இருக்கும். கணக்குக்குப் பேரு நாம வைக்கிறது. ஆனா உள்ள அதுக்கு ஒரு நம்பர் உண்டு. ஆளுன்னா அந்த நம்பர்தான். இன்னாசின்னு நான் புதுசா ஒரு கணக்குத் தொடங்கலாம். பேரு ஒண்ணா இருக்கும், நம்பர் வேற. பழைய ஞாபகத்தப் பூட்டி வச்சிருக்கிறது பழைய நம்பர். புது ஆளு கேட்டா, நீ யாருடேன்னு கேக்கும்."

"அப்ப பழைய நம்பரையும் சேத்துக் கொண்டு போங்க."

"கொண்டு போலாம். நான் செய்யிறதும் அதான். புது சர்வர் ஏத்துக்கிட மாட்டேங்குது." முப்பிடாதி திரையைத் திருப்பிக் காட்டினார். 'கவுன்டர்' என்று ஒரு கணக்கின் பெயர். அதன் கீழே சிவப்பில் ஒரு வரி: இக்கணக்கில் நான்கு நபர்கள் உள்ளனர். ஒருவரைத் தெரிவு செய்க.

ஜெசிந்தாவுக்கு விளங்கவில்லை. முப்பிடாதிக்கு விளங்கியிருந்தது; விளங்கியதால்தான் அந்த மனுஷர் முகம் அப்படிக் கறுத்திருந்தது. அவர் ஆபீஸ் பக்கம் திரும்பிக் கத்தினார். "யாருய்யா பட்டைய இந்தக் கணக்குல சேத்தது?"

கண்ணாடிக்காரர்களில் ஒருத்தனான சாகுல் எழுந்து நின்றான். "நாந்தான். அண்ணன் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கு. வேற எந்தக் கணக்குல சேக்க? எல்லாருக்கும் இருக்கிறது அந்த ஒண்ணுதானே."

உண்மைதான். இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு குமாஸ்தா வைத்த கணக்கு அது. எல்லாக் கோப்பும் அதில்தான் திறக்கும். அதனால் வந்தவர் போனவர் எல்லாரும் காலையில் அதிலேயே நுழைந்தார்கள். பாஸ்வேர்டு ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தது. தனிக் கணக்கு கேட்டால், "ஏம்ல, ஒளிச்சு வைக்க உனக்கு என்ன இருக்கு?" என்று அண்ணாச்சி கேட்பார். ஒரே பானையில் சாப்பிடுகிற குடும்பம் மாதிரி ஆபீஸ் என்று அவருக்குப் பெருமை.

"அதனால என்ன ஆச்சு?" என்றாள் ஜெசிந்தா.

முப்பிடாதி தயங்கித் தயங்கிச் சொன்னார். "நாலு பேரு கண்ணாடியும் பாத்தது ஒரே இடத்துல போய் விழுந்திருக்கு. பட்டைக்கு யாரு பாத்ததுன்னு தெரியாது. எல்லாத்தையும் அண்ணனுக்கே குடுத்திருக்கு. பதினோரு வருஷமா அண்ணன் நாலு பேரோட ஞாபகத்தத் தன்னோடதுன்னு நினைச்சிருக்காங்க."

 

"அடப்பாவிகளா! அப்ப எங்க தங்கச்சி நிக்காஹ்..." என்று சாகுல் வாயில் கை வைத்தான். வருடா வருடம் இன்னாசி காயல்பட்டினத்துக்கு அந்தத் தங்கச்சிக்கு வளையல் வாங்கி அனுப்புவார். 'அவ போறப்ப நான் அழுதது எனக்குத்தான் தெரியும்' என்பார். அவர் அந்தக் கல்யாணத்துக்கே போகவில்லை. ஏதோ பிரியத்தில் சொல்கிறார் என்று இத்தனை வருடம் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"பிரிக்க முடியாதா?" என்றாள் ஜெசிந்தா. "அவங்க பாத்தது மட்டும் அவங்களுக்கு வந்தாப் போதும். எனக்கு அது போதும் தம்பி."

பிரிக்க முடியும், எந்தக் கண்ணாடி பார்த்தது என்று பழைய பெட்டிக்குள் குறிப்பு இருக்கிறது என்றார் முப்பிடாதி. முதலில் அவர் பார்த்ததை மட்டும் வைத்து அஞ்சு நிமிஷம் சோதனைக்கு ஓட்டிப் பார்ப்போம் என்றார். பட்டையை எடுத்து இன்னாசியின் காதுக்குப் பின்னால் ஒட்டினார்.

இன்னாசி கண்ணை மூடித் திறந்தார். ஜெசிந்தா எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, என்னைத் தெரியுதா?"

"தெரியுது" என்றார் அவர். "ஜெசிந்தா. எனக்குக் கட்டி வச்சவங்க. செலினோட அம்மா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க சாப்டாச்சா?" என்று கேட்டார்.

நீங்க! வீட்டில் ஏட்டி, ஜெசி, கழுதை என்று கூப்பிடுகிற வாய். அவர் கையைத் தொடப் போனாள். பஸ்ஸில் தெரியாத பெண் கை பட்டது போல அவர் மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டார். அதில் வெறுப்பு ஒன்றுமில்லை. வெறுப்பு இருந்திருந்தால் கூடத் தாங்கியிருப்பாள்.

"கழட்டுங்க தம்பி" என்றாள். "கழட்டுங்க!"

முப்பிடாதி கழற்றினார். "வீட்ல அண்ணன் கண்ணாடி போடுவாங்களா?"

"போட மாட்டாங்க. வேர்வைல மூக்கு புண்ணாவுதுன்னு வந்ததும் கழட்டி வச்சிருவாங்க."

"அதான். வீட்ல சத்தம் மட்டும் இருக்கு, உங்க முகம் இல்ல. ஞானஸ்நானம், பிறந்தநாளு, எல்லாம் இங்க உள்ளவங்க வந்து பாத்ததுதான் இருக்கு. பிரிச்சா அண்ணனுக்கு மிஞ்சறது இவ்வளவுதான் மதினி."

"வேற வழியே இல்லியா?"

"ஒரு வழி இருக்கு. எல்லாத்தையும் மொத்தமா அண்ணன் ஒருத்தர் பேர்லயே எழுதலாம். மத்த மூணு பேரும் சர்வர்கிட்ட வாயால சொல்லணும், நாங்க பாத்தது எங்களோடது இல்ல, இன்னாசியோடதுன்னு. அண்ணன் இந்த நிலைமைல கையெழுத்துப் போட்டாச் செல்லாது. அவங்களுக்காக நீங்க போடணும். போடுறதுக்கு முன்னால யாரு யாரு என்ன குடுத்தாங்கங்கிற பட்டியல் உங்க முன்னால ஓடும். பாத்துட்டுத்தான் போடணும்னு விதி. போட்டுட்டா அதுக்கு அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது."

ஜெசிந்தா மூன்று பேரையும் பார்த்தாள். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சாகுல் முதல் ஆளாக வந்து மைக் முன்னால் நின்றான். "தங்கச்சிக்கு ரெண்டு அண்ணன் இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு, எழுதிக் கொடுத்த வாசகத்தையும் படித்தான்.

அடுத்து பேச்சிக்கனி அக்கா. கணவரைப் பெரியாஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்துப் பார்த்துப் பறிகொடுத்தவர். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் சொன்னார்: "பெரியாஸ்பத்திரி வழியாப் போனா இன்னாசி அழுவாம்னு ஒரு தடவ சொன்னியே, அது எதுக்குன்னு இப்பம்லா வெளங்குது. அத நான் ஒருத்தியாச் சுமந்தேன்னு நெனச்சிட்டு இருந்தேன் பாத்தியா." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனே வச்சுக்கிடட்டும்" என்று வாசகத்தைப் படித்தார்.

மணி மூன்று பத்து. பாக்கி தவசி ஒருத்தன்.

தவசி வரவில்லை. ஜன்னல் ஓரம் தன் மேசையிலேயே உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். "நான் சொல்லல" என்றான்.

"என்னது?"

"நான் சொல்ல மாட்டேன். பிரிச்சிருங்க."

"ஏல, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று அண்ணாச்சி கதவைத் திறந்துகொண்டு வந்தார். சாகுல் அவன் சட்டையைப் பிடித்தான். பேச்சிக்கனி அக்கா, நீயெல்லாம் மனுஷனா என்று கேட்டார். கேட்கக் கூடாததெல்லாம் கேட்டார்கள். தவசி தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்று இருபது ஆயிற்று. ஜெசிந்தா போய் அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, எம் பிள்ளைக்கு அப்பா வேணும். நீங்க அதுல என்ன வச்சிருந்தாலும் நான் பாக்கல. கண்ண மூடிக்கிடுதேன். சத்தியமாப் பாக்க மாட்டேன்."

அவன் பதறி எழுந்தான். "எந்திரிங்க. ஐயோ, எந்திரிங்க. வெளிய வாங்க, சொல்லுதேன்."

மாடிப்படியில் நின்றார்கள். கீழே சாலையில் ஓட்டுநர் இல்லாத லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஜெசிந்தாவுக்குப் பொறுமையில்லை.

"சீக்கிரம் சொல்லுங்கண்ணே."

"நீங்க எதுத்தாப்புல செராக்ஸ் கடையில ரெண்டு வருஷம் வேல பாத்தீங்க."

"ஆமா. அங்கதான் அவங்க என்னப் பாத்து..."

சொல்ல வந்தவள் நிறுத்தினாள். செராக்ஸ் கடை ஆபீசுக்கு எதிர்ப்பக்கம். ஆபீசில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் முன்னால் இருப்பது தவசியின் மேசை. இன்னாசியின் மேசை சுவரைப் பார்த்துக் கிடக்கிறது, விழுவதற்கு முன்னாலிருந்தே.

"அந்த ரெண்டு வருஷமும் நாந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான் தவசி. "தப்பா ஒண்ணும் இல்ல. சும்மா பாப்பேன். மழை பெஞ்சா நீங்க கடை வாசல்ல சாக்கு விரிச்சுப் போடுவீங்க. அடுத்தவங்க கால் வழுக்கிறக் கூடாதுன்னு நினைக்கிற பொண்ணு, இவளக் கட்டுறவன் குடுத்து வச்சவன்னு ஒரு நாள் வாய்க்குள்ள சொன்னேன்."

அதே வார்த்தை. இன்னாசி சாலையைக் கடந்து வந்து, கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, ஒரு எழுத்து மாறாமல் அவளிடம் சொன்ன வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், ஞாபகம் இல்லாத மாப்பிள்ளையா என்று வீட்டில் எல்லாரும் மூக்கைச் சிந்தியபோதும் அவள் சரி என்றாள்.

"நீங்க ஏன் வந்து சொல்லல?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"சொல்லணும்னு தைரியத்தச் சேத்துக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் அவன் எந்திரிச்சு ரோட்டைத் தாண்டிப் போனான். நான் சன்னல் வழியாப் பாத்தேன். நான் நினைச்சு வச்சிருந்ததையெல்லாம் அவன் சொல்லிட்டான். அப்புறம் எனக்குச் சொல்ல மிச்சம் ஒண்ணும் இல்ல."

"இன்னிக்கு வரைக்கும் அவங்க எங்கிட்டப் பிரியமா இருந்தது..."

"எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. எம் பங்கு எவ்வளவு, அவம் பங்கு எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பட்டியலப் பாத்தா உங்களுக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா நீங்க அவங்கூட எப்படி இருப்பீங்கன்னுதான் மாட்டேன்னேன்."

"இப்ப மட்டும் சொல்லிட்டீங்களே!" என்று கத்தினாள். அறைய வேண்டும் போல இருந்தது. யாரை அறைய? பார்த்தவனையா, பார்க்காதவரையா, சீட்டில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியவனையா? ஒன்பது வருடம் ராணி மாதிரி வாழ்ந்தாள். அத்தனையும் இரவல். இரவல் கொடுத்தவன் எதிரில் நின்று அழுகிறான், வாங்கியவர் உள்ளே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி காட்டுகிறார்.

வேண்டாம் என்று உள்ளே போய்ச் சொல்லிவிடலாம். பிரிக்கட்டும். சாப்டாச்சா என்று கேட்கிற அந்தப் பெரிய மனுஷரோடு மிச்சக் காலத்தை ஓட்டலாம். நாலேகாலுக்கு ஸ்கூல் வேன் வரும். செலின் ஓடி வந்து அப்பா முதுகில் ஏறுவாள். அவர் அவளையும் மெதுவாக இறக்கிவிட்டு, "பாத்து விளையாடும்மா" என்பார்.

"வந்து சொல்லுங்க" என்றாள் ஜெசிந்தா. "மணி ஆவுது."

தவசி வந்து மைக் முன்னால் நின்றான். வாசகத்தைப் படிக்கும்போது அவன் குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. நான் பார்த்தது என்னுடையது அல்ல, இன்னாசிமுத்துவினுடையது.

பட்டியல் ஓடியது. கண்ணை மூடிக்கொள்வதாகச் சத்தியம் பண்ணியவள் மூடவில்லை. இருபத்திரண்டு வயது ஜெசிந்தா தாள் அடுக்கினாள், குடையை உதறினாள், தூக்குவாளியைத் திறந்து தனியாகச் சாப்பிட்டாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மெஷின் கண்ணாடியில் முகம் பார்த்துப் பொட்டைச் சரி பண்ணினாள். ஒவ்வொன்றின் மேலும் தவசிமுத்து, தவசிமுத்து என்று பெயர். நானூற்றுப் பதினேழு தடவை. இவ்வளவு அழகாகத் தன்னை அவள் எந்தப் போட்டோவிலும் பார்த்ததில்லை. அதுதான் அவளை மிகவும் அழ வைத்தது.

மூன்று ஐம்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டாள். பெயர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்து, இன்னாசிமுத்து என்று மாறின. பழைய பெட்டியின் விளக்கை முப்பிடாதி அணைத்தார்.

பட்டையை ஒட்டியதும் இன்னாசி தலையைக் குலுக்கினார். சுற்றி நிற்கிற எல்லாரையும் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ஏட்டி, ஏன் அழுதிருக்க? எவன் என்ன சொன்னான்?"

பேச்சிக்கனி அக்கா ஓவென்று அழுதுவிட்டார். அண்ணாச்சி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஜெசிந்தா இன்னாசியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வந்துவிட்டது. யாருடையதாக இருந்தால் என்ன, வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னல் ஓரத்து மேசை காலியாக இருந்தது. தவசி டிபன் பையை எடுத்துக்கொண்டு போயிருந்தான். மேசை மேல் அவனுடைய கண்ணாடி மடித்து வைத்திருந்தது.

முப்பிடாதி வயர்களைச் சுருட்டிக்கொண்டே சந்தோஷமாகப் பேசினார். "இனிமே கவலையில்ல மதினி. ஆளுக்கு ஒரு கணக்குப் போட்டாச்சு. இன்னியிலேர்ந்து அண்ணன் கண்ணாடி பாக்குறது மட்டும்தான் அண்ணனுக்கு. அடுத்தவங்க பாத்தது ஒரு துளி கலக்காது."

"பழசு?"

"பழசு அப்படியே இருக்கும். ஆனா பட்டை புதுசத்தான் முன்னால வைக்கும். நாளாக நாளாகப் பழசு அடியில போயிரும். நமக்கும் அப்படித்தானே?" நல்ல செய்தி சொன்னதாக நினைத்து அவர் சிரித்தார்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. இன்னாசி அதற்குள் எழுந்து தன் மேசைக்குப் போய்விட்டார். காலையிலிருந்து தேங்கிய பில்களை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். அவள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அங்கே கிடந்த அவருடைய கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் மூக்கில் மாட்டினாள்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. என்னைப் பாருங்க."

"பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எப்போதும் போல அவர் கண் பில்லுக்குப் போய், அங்கிருந்து, எதையோ கூட்டிப் பார்க்கிறவர் போல, எதிர்ச் சுவருக்குப் போய் நின்றது.

ஜெசிந்தா எழுந்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் போனாள். சுவருக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடம்தான் இருந்தது. வயிற்றை எக்கி அதற்குள் நுழைந்து, நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, அவர் கண் நின்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.